யாரும் கடக்காத சிவப்பு விளக்கு

இந்த மாதத்தோடு நான் பள்ளியிலிருந்து விலகுகிறேன். கணவருக்குச் சித்தூருக்கு மாற்றல் ஆகிவிட்டது. இனி கேட் டியூட்டியை, புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் மூன்று டீச்சர்களும் முறை வைத்துப் பார்க்கப் போகிறீர்கள் என்று தலைமை ஆசிரியை சொன்னார். அவரிடம் தெலுங்கில் ஒரு பக்கக் குறிப்பு கொடுத்திருக்கிறேன். எந்த வகுப்பை எப்போது விடுவது, விசில் எந்த அலமாரியில் இருக்கிறது, மழை வந்தால் பிள்ளைகளை எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் அதில் உண்டு. அந்தக் குறிப்பில் எழுத முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன். நீங்கள் நகரி, புத்தூர் பக்கத்திலிருந்து வருகிறவர்கள், வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். அதனால் தமிழில்.

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஆறு வருடம் வேலை பார்த்த ஒருத்தி, நாம் சேர்ந்தவுடனே புத்தி சொல்கிறாள் என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆனால் இதில் பெரும்பகுதி நான் செய்த தப்பு. அதைச் சொல்லாமல் விசிலை மட்டும் கொடுத்துவிட்டுப் போனால் எனக்குச் சித்தூரில் தூக்கம் வராது.

நம் கேட்டுக்கு முன்னால் இருக்கும் சிக்னல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது கிடையாது. திருப்பதிக்குப் போகிற வண்டிகளுக்கு இரண்டு வரிசை, புத்தூர்ப் பக்கம் போகிறவற்றுக்கு இரண்டு வரிசை, நடுவில் முழங்கால் உயரத் தடுப்பு. பஸ் நிறுத்தம் எதிர்ப்பக்கம். எல்லோரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். கையைத் தூக்கிக் காட்டியபடி இறங்கிவிடுவது. மலைக்கு நடந்து போகிற பக்தர்கள்கூட இன்றும் அப்படித்தான் கடக்கிறார்கள். அது ஆபத்தான முறைதான், மறுக்கவில்லை. ஆனால் அப்போது ஒவ்வொரு டிரைவரின் முகத்தையும் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தாரா, வேகத்தைக் குறைத்தாரா என்று பார்க்காமல் ஒரு பிள்ளையைக்கூட இறக்கியதில்லை.

பிறகு நடுத் தடுப்பில் வழி விட்டு, கடக்கும் கோடு போட்டு, சிக்னல் வைத்தார்கள். கம்பத்தில் ஒரு பெட்டி, அதில் பொத்தான். அழுத்தினால் பெட்டியில் சின்ன விளக்கு எரியும். உடனே ஒன்றும் நடக்காது. ஒரு நிமிடம் வரை ஆகலாம். பிறகு வண்டிகளுக்கு மஞ்சள், அதன் பிறகு சிவப்பு. நமக்குப் பச்சையில் நடக்கிற மனிதன். கொஞ்ச நேரத்தில் அவன் விட்டு விட்டு எரிய ஆரம்பிப்பான், பிறகு சிவப்பாகி நின்றுவிடுவான். இதைப் பார்த்ததும் எனக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்லி முடியாது. அந்த வருடம்தான் என் மகளை இங்கே எல்.கே.ஜி.யில் சேர்த்திருந்தேன். அவளும் சாலை கடக்கிற பிள்ளைகளின் வரிசையில் ஆயாம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

எனக்கு ஒரே ஒரு கவலை, அந்த ஒரு நிமிடம். அறுபது பிள்ளைகள் வெயிலில் சாலை ஓரத்தில் ஒரு நிமிடம் நின்றால் என்னவெல்லாம் நடக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருப்பேன். ஒருவன் இன்னொருவனைத் தள்ளுவான். தண்ணீர் பாட்டில் சாலையில் உருளும், அதை எடுக்க ஒருத்தி குனிவாள். அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். மணி அடிப்பதற்கு முன்பே போய்ப் பொத்தானை அழுத்திவிடுவது. பிள்ளைகள் கேட்டுக்கு வரும்போது சிவப்பு தயாராக இருக்கும், நிற்காமல் நடந்துவிடலாம்.

பிள்ளைகள் அப்படி நேரத்துக்கு வருவார்களா? ஷூ லேஸ் கட்ட வேண்டும், பையை மறந்துவிட்டு மாடி ஏற வேண்டும். சிவப்பு வரும், யாரும் இருக்க மாட்டார்கள், பச்சையாகிவிடும். நான் மறுபடி அழுத்துவேன். அதுவும் காலியாகப் போகும். மறுபடி. நாலாவது, ஐந்தாவது சிவப்பில்தான் வரிசை வந்து சேரும். இதைத் தலைமை ஆசிரியை பார்த்துவிட்டு, மற்ற டியூட்டி டீச்சர்களும் இப்படி முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும் என்று மீட்டிங்கில் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. அன்று வீட்டுக்குப் போய்க் கணவரிடம்கூடச் சொன்னேன். இப்போது நினைத்தால் அந்தப் பெருமைதான் கூசுகிறது. என் ஒருத்தியின் பயம் பள்ளிக்கே பழக்கமாகிவிட்டது.

ஏழுமலை என்று ஒரு ஆட்டோக்காரர். சொந்த ஊர் நகரிப் பக்கம். எதிர்ப்பக்க நிறுத்தத்தில் ஆட்டோ போட்டிருப்பார். மழை நாளில் என்னையும் மகளையும் வீட்டில் விட்டிருக்கிறார். ஒரு நாள் மாலை நான் கம்பத்தருகே நிற்கும்போது சிவப்பில் வந்து நின்றார். சாலையில் ஒரு ஆள் இல்லை.

“இன்னா டீச்சரம்மா, ஆளே இல்ல, யாருக்கு செவப்பு போட்டுகினு கீற?”

“பிள்ளைங்க வருவாங்கண்ணா. ரெடியா இருக்கட்டும்னுதான்.”

“வந்தப்பறம் போடு. காலி ரோட்டுக்கு ரெண்டு நாள் நிப்பேன். மூணாவது நாள் கண்ணு செவப்பப் பாக்கும், காலு பிரேக்குக்குப் போவாது. எனக்கு மட்டும் இல்ல, அல்லாருக்கும்தான்.”

“சிவப்புன்னா நிக்கணும். அதானே சட்டம்.”

“சட்டம் நீ சொல்றது சரிதான். நான் காலப் பத்தி சொல்றேன்.”

பச்சை விழுந்ததும் சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்குக் கோபம். ஒரு நிமிடம் நிற்க இந்த ஆட்களுக்குக் கசக்கிறது என்று நினைத்தேன். இரவு அதை மறுபடி யோசித்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். அவர் சொன்னதில் ஏதோ இருக்கிறது என்று தோன்றியது. ஆனால் மறுநாள் மாலை மகள் வரிசையில் நிற்பதை நினைத்ததும் கை தானாகப் பொத்தானுக்குப் போய்விட்டது.

அந்த வாரத்திலேயே இன்னொன்று நடந்தது. காலையில் மகள் பாலைச் சீருடை மேல் வாந்தி எடுத்துவிட்டாள். மாற்றி உடுத்திக் கிளம்பும்போது நேரமாகிவிட்டது. ஸ்கூட்டியில் அவளை முன்னால் நிறுத்திக்கொண்டு வேகமாக வந்தேன். நம் சிக்னலில் சிவப்பு. கோட்டின் மேல் யாரும் இல்லை. அன்றைய டியூட்டி டீச்சர் கம்பத்தருகே நின்று, நான் செய்வதைப் போலவே, வராத பிள்ளைகளுக்காக அழுத்திக்கொண்டிருந்தார். யாருமில்லையே என்று நினைத்தேன். அவ்வளவுதான், வண்டி போய்விட்டது. அவர் எனக்குக் கை காட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிவப்பைத் தாண்டினோம் என்பது ஹெல்மெட்டைக் கழற்றும்போதுதான் உறைத்தது.

அடுத்த வாரம் அது நடந்தது. மாலை டியூட்டி என்னுடையது. இரண்டு சிவப்பு காலியாகப் போயிருந்தது. மூன்றாவது வரும்போது வரிசை கேட்டைத் தாண்டி வந்துவிட்டது. முதலில் நின்றவள் யாமினி, நான்காம் வகுப்பு. சொன்னதைச் சொன்னபடி செய்கிற பெண் என்பதால் அவளைத்தான் லீடராகப் போட்டிருந்தேன். விளக்கு சிவப்பானது. நமக்கு அருகிலிருந்த வரிசையில் ஒரு டவுன் பஸ் வந்து சரியாகக் கோட்டுக்கு முன்னால் நின்றது. நான் கம்பத்தருகிலேயே நின்றபடி “போம்மா” என்று கையசைத்தேன். நேரம் போதாவிட்டால் மறுபடி அழுத்தலாம் என்று ஒரு கை பெட்டியின் மேலேயே இருந்தது.

யாமினி பஸ்ஸின் முகப்பைத் தாண்டி ஒரு அடி வைத்தாள். பஸ்ஸுக்கு வலப்பக்கமாக ஆட்டோ வந்தது. பிரேக் சத்தம் கேட்டது. அவள் கீழே கிடந்தாள். ஆட்டோவிலிருந்து இறங்கி ஓடி வந்தவர் ஏழுமலை.

நம் ஊரில் யார் கை காட்டினாலும் டவுன் பஸ் நடுவழியில் நிற்கும். பின்னால் வருகிறவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போவார்கள், யோசிக்கவே மாட்டார்கள். ஏழுமலையும் பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்குகிறார்கள் என்று நினைத்திருக்கிறார். சிவப்பைப் பார்க்கவில்லையா என்றால், பார்த்திருக்கிறார். தினமும் பார்க்கிற காலிச் சிவப்பு.

அவர் ஆட்டோவிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனோம். யாமினி என் மடியில். இடது முன்கை பார்க்கும்போதே தெரிந்தது, உடைந்திருக்கிறது என்று. வழியில் ஒரு சந்திப்பில் சிவப்பு. அவர் நின்றார். குழந்தை முனகினாள். போங்கண்ணா என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. என் மகள் ஆயாம்மாவோடு பிள்ளைகளின் வரிசையில் நின்று இதையெல்லாம் பார்த்திருப்பாள் என்பது ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

மறுநாள் காலை தலைமை ஆசிரியையின் அறையில் எஸ்.ஐ. வந்து உட்கார்ந்திருந்தார். யாமினியின் அப்பா இருந்தார். ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலை, நாகலாபுரத்துக்காரர். ஏழுமலை சுவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். மேஜையில் என் வாக்குமூலம் என்று தெலுங்கில் நான்கு வரி எழுதித் தயாராக இருந்தது. பொத்தானை அழுத்தினேன். சிவப்பு வந்தது. பிள்ளைகளை இறக்கினேன். ஆட்டோ நிற்காமல் வந்து மோதியது. ஒரு வார்த்தை பொய் இல்லை. கையெழுத்து மட்டும் போட வேண்டும்.

எஸ்.ஐ. ஏழுமலையைக் கேட்டார், சிவப்பு தெரியவில்லையா என்று. “எவரூ உண்டரு சார்” என்றார் அவர் தெலுங்கில். யாரும் இருக்க மாட்டார்கள் என்று. எப்போதும் என்ற ஒரு சொல்லைச் சேர்த்தார். டீச்சரிடம் நான் முன்பே சொன்னேனே என்று சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. அந்த அறையில் அது தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். யாருமில்லையே என்று ஸ்கூட்டியில் நானும் நினைத்தேன் என்பது எனக்கு மட்டுமே தெரியும்.

என் ஒப்பந்தம் அந்த மாதம்தான் புதுப்பிக்க வேண்டியிருந்தது. பேனாவைக் கையில் எடுத்தேன். சொன்னால் பள்ளியின் பெயர் கெடும். எனக்கு வேலை போகலாம். சொல்லி என்ன ஆகப் போகிறது, அவர் சிவப்பைத் தாண்டியது தாண்டியதுதானே. சொல்லாவிட்டால், பிள்ளையின் கை குணமாகும், ஏழுமலை தண்டனை வாங்கிக்கொள்வார், அன்று மாலையும் யாரோ ஒரு டீச்சர் மணிக்கு முன்னால் போய்ப் பொத்தானை அழுத்துவார். இந்தக் கடைசி எண்ணம் வந்ததும் கீழே இன்னும் சில வரி எழுத வேண்டும் என்று எஸ்.ஐ.யிடம் சொன்னேன்.

எழுதினேன். தினமும் யாருமில்லாமல் பல முறை சிவப்பு போட்டதை எழுதினேன். இந்த ஆட்டோக்காரர் அதைப் பற்றி என்னிடம் எச்சரித்ததையும், நான் கேட்காததையும் எழுதினேன். பிள்ளையை அனுப்பும்போது பஸ்ஸைத் தாண்டி அடுத்த வரிசையை நான் பார்க்கவில்லை என்பதையும். தலைமை ஆசிரியை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். யாமினியின் அப்பா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

“நீங்க நின்னுகினு கீறீங்கன்னு நம்பித்தான் எம்பொண்ண நடந்து வரச் சொன்னோம் மிஸ்” என்றார்.

நான் எழுதிய வரிகளுக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.

இதனால் ஏழுமலையின் குற்றம் குறையாது என்று எஸ்.ஐ. தெளிவாகச் சொன்னார். அது சரி என்றுதான் நானும் நினைக்கிறேன். சில மாதம் அவர் ஆட்டோ ஓட்டக் கூடாது என்று ஆயிற்று. எஸ்.ஐ. பள்ளியையும் கண்டித்துவிட்டுப் போனார். எனக்கு மெமோ வந்தது. ஒப்பந்தம் இரண்டு மாதம் இழுத்துத்தான் புதுப்பித்தார்கள். அன்று வெளியே வந்தபோது ஏழுமலை கேட்டருகே நின்றிருந்தார்.

“எதுக்கு டீச்சரம்மா ஒன் தல மேல எடுத்துப் போட்டுகினே? தாண்டினது நான்தான?”

“என்கிட்ட முன்னாடியே சொன்னீங்களே, அத ஏன் உள்ள சொல்லல?”

“சொன்னா இன்னா, புள்ள கை ஒட்டிக்குமா?”

அதற்குப் பிறகு நான் எப்படி நின்றேன் என்பதைச் சொல்கிறேன். முதல் பிள்ளை சாலையோரம் வந்து நின்ற பிறகுதான் பொத்தான். ஒரே ஒரு முறை. பத்து முறை அழுத்தினாலும் அது சீக்கிரம் வராது, சின்ன விளக்கு எரிந்தால் போதும். அந்த ஒரு நிமிடத்தைக் கடத்த வரிசையை ஓரக்கல்லிலிருந்து இரண்டு அடி பின்னால் நிறுத்தினால் போதும் என்று எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. இவ்வளவு எளிய வழி இருந்தும் அறுபது பிள்ளைகளைப் பற்றிய என் பயத்தை நான் சாலையின் மேல் சுமத்திக்கொண்டிருந்தேன்.

சிவப்பு வந்ததும் நகர வேண்டாம். விளக்கு வண்டியை நிறுத்தாது, டிரைவர்தான் நிறுத்த வேண்டும். அருகில் நிற்பது பஸ்ஸோ லாரியோ என்றால் அதற்கு அப்பால் என்ன வருகிறது என்பது பிள்ளைகளின் உயரத்துக்குத் தெரியவே தெரியாது. நீங்கள் முதலில் போய், அந்த வண்டியின் முகப்பு முடிகிற இடத்தில் நின்று, எட்டிப் பார்த்து, அடுத்த வரிசையும் நின்ற பிறகு கூப்பிடுங்கள். கம்பத்தருகே உங்களுக்கு ஒரு வேலையும் இல்லை. பச்சை மனிதன் விட்டு விட்டு எரிய ஆரம்பித்தால் சாலையில் இருப்பவர்கள் போய்ச் சேரட்டும், ஓரத்தில் இருப்பவர்கள் இறங்க வேண்டாம். வரிசையைப் பாதியில் வெட்டினால் பிள்ளைகள் முணுமுணுப்பார்கள், பஸ் போய்விடும் என்று அழுவார்கள். அழட்டும். அடுத்த சிவப்பு வரும்.

உங்களில் இரண்டு பேர் ஸ்கூட்டியில் வருகிறீர்கள். முன்னால் ஒரு வண்டி கோட்டுக்கு முன் நின்றால், அது எதற்காக நின்றது என்று உங்களுக்குத் தெரியாது. அதைச் சுற்றிக்கொண்டு போகாதீர்கள். சிவப்பில் யாரும் இல்லாவிட்டாலும் நில்லுங்கள். அழுத்தியவர் என்னைப் போல ஒரு பைத்தியக்காரியாக இருக்கலாம். ஆனாலும் நில்லுங்கள். பச்சை விழுந்ததும் பாயவும் வேண்டாம். மொட்டை போட்ட தலையோடு, கையில் மூட்டையோடு, யாராவது ஒரு பெரியவர் இன்னும் பாதியில் இருப்பார்.

சாலை உடனே மாறிவிடவில்லை. நாங்கள் ஒழுங்காக அழுத்த ஆரம்பித்த பிறகும் பல நாள் வண்டிகள் சிவப்பில் நழுவிக்கொண்டுதான் இருந்தன. கெடுக்க எடுத்துக்கொண்டதைவிடச் சரிசெய்ய அதிக நாள் ஆயிற்று. ஒவ்வொரு நாளும் சிவப்பு வந்தபோதெல்லாம் அங்கே உண்மையாகவே பிள்ளைகள் இருந்தார்கள். டிரைவர்களும் கொஞ்சம் கொஞ்சமாக நிற்க ஆரம்பித்தார்கள்.

யாமினி மாவுக்கட்டோடு பள்ளிக்குத் திரும்பிய முதல் நாள் மாலை அவளைத் தனியாக அழைத்துப் போகட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். லீடர் இடத்தில் வேறு பெண்ணை நிறுத்தியிருந்தேன். யாமினி அவளைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, தன் பழைய இடத்திலேயே போய் நின்றுகொண்டாள். எனக்கு அவளிடம் எதையும் மறுக்கிற தைரியம் அப்போது இல்லை.

அவள் வந்து நின்ற பிறகு அழுத்தினேன். காத்திருந்தோம். மஞ்சள், பிறகு சிவப்பு. அருகில் ஒரு மணல் லாரி. அதற்கு அப்பால் எட்டிப் பார்க்க வேண்டும் என்கிற ஒரே நினைப்பில் நான் சாலையில் ஒரு காலை இறக்கிவிட்டேன். அவள் கட்டில்லாத கையால் என் முந்தானையைப் பிடித்தாள்.

“இன்னும் நிக்கல மிஸ்.”

பார்த்தேன். லாரியின் முன்சக்கரம் மெதுவாக, மிக மெதுவாக உருண்டுகொண்டிருந்தது. நின்றுவிட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன். காலை மேலே எடுத்துக்கொண்டேன். பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. வரிசையில் யாரோ “போலாம் மிஸ்” என்றார்கள். யாமினி அசையவில்லை. சக்கரம் கோட்டைத் தொடுவதற்குச் சற்று முன் நின்றது. அவள் தலையை நிமிர்த்தி டிரைவரின் முகத்தைப் பார்த்தாள். அவர் குனிந்து அவளைப் பார்த்தார்.

பிறகுதான் முந்தானையை விட்டாள். நான் இறங்கினேன்.